எந்த எண், எந்த ஆண்டு: நீராவி எஞ்சின் மாதிரியை அசலோடு ஒப்பிடும் முறை

பெரம்பூரில் வசிக்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய தாத்தா லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தவர். அந்த நினைவாக நீராவி எஞ்சின் மாதிரிகளைச் சேர்க்கத் தொடங்க அவர் விரும்புகிறார். பித்தளையில் கைவேலையாகச் செய்த டபிள்யூ.பி. (நம் அகலப்பாதையில் பயணிகள் வண்டிகளை இழுத்த வகை) எஞ்சின் மாதிரி ஒன்று, 1:87 அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடக்கூடியது, பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் அதை ‘அசலை அப்படியே உரித்து வைத்தது’ என்கிறார். அந்தச் சொல்லை எப்படிச் சோதிப்பது, முதலில் எங்கே கண்ணை வைப்பது என்பதுதான் கேள்வி.

கண்ணை வைப்பதற்கு முன்னால் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இது எந்த எண் கொண்ட எஞ்சின், எந்த ஆண்டில் இருந்தபடி செய்யப்பட்டது? டபிள்யூ.பி. என்பது ஒரு வகையின் பெயர். அது ஓர் எஞ்சினின் பெயர் அல்ல. 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து 7200 முதல் 7215 வரை எண்ணிட்டு வந்த 16 எஞ்சின்களில் தொடங்கி, 1967 வரை கனடா, போலந்து, ஆஸ்திரியா, நம்முடைய சித்தரஞ்சன் என்று பல இடங்களில் மொத்தம் 755 எஞ்சின்கள் அந்த வகையில் கட்டப்பட்டன. இருபது ஆண்டுகளில் பல கைகளில் உருவான வண்டிகள், அதன்பின் ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் ஒர்க்ஸுக்கு ஒர்க்ஸ், ஷெட்டுக்கு ஷெட் மாறிக்கொண்டே போனவை, ஒன்றைப்போல் ஒன்று இருக்க வாய்ப்பில்லை. குண்டு மூக்கின் நடுவே வரைந்த நட்சத்திரம் கூட எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆகவே ‘டபிள்யூ.பி. மாதிரி எப்படி இருக்கிறது’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது. குறிப்பிட்ட எண் கொண்ட எஞ்சினைக் குறிப்பிட்ட ஆண்டில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டால்தான் சரி, தவறு என்று பேச முடியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு, உலகத்தில் மிக அதிகமாக மாதிரி செய்யப்பட்ட எஞ்சின்களில் ஒன்றான ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ நல்ல சான்று. அது 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1472 என்ற எண்ணோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டே 4472 ஆனது. 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு நூறு மைல் வேகம் பதிவானபோது அது ஏ1 வகை. பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. 1946இல் 502, அதே ஆண்டில் 103 என்று எண் மாறியது. 1947 ஜனவரியில் 220 பவுண்டு பாய்லர் பொருத்தி ஏ3 வகையாக மாற்றினார்கள். அத்தோடு பாய்லரின் மேல் குமிழ்போல் நிற்கும் டோமின் உருவமும் மாறியது. 1948 முடிவில் 60103 ஆயிற்று. 1959இல் இரட்டைப் புகைபோக்கி, 1961இல் புகையை மேலே தள்ளும் பக்கத் தகடுகள். 1963இல் ஆலன் பெக்லர் என்பவர் அதை வாங்கியபோது பக்கத் தகடுகளையும் இரட்டைப் புகைபோக்கியையும் கழற்றிவிட்டு, பழைய பச்சை வண்ணம் பூசி, 4472 என்று மறுபடியும் எழுதச் செய்தார். இப்போது அலமாரியில் ‘4472, ஆண்டு 1934’ என்ற அட்டையோடு ஒரு மாதிரி நிற்கிறது என்று வையுங்கள். பாய்லரின் மேல் உருண்டை டோம் இருந்தால் அட்டை சொல்வது ஏறக்குறைய உண்மை. டோம் பின்பக்கம் நீண்டு சரிந்திருந்தால், எண்ணும் வண்ணமும் 1934ஐச் சொன்னாலும் பாய்லர் பிந்திய காலத்தைச் சொல்கிறது. பச்சை வண்ணம், 4472 என்ற எண், அதோடு இரட்டைப் புகைபோக்கி மூன்றும் சேர்ந்திருந்தால், அது சேவையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்தபின் பாதுகாப்பு வண்டியாக ஓடிய காலத்து உருவம். மூன்று மாதிரிகளும் தனித்தனியே சரியானவையாக இருக்கலாம். அட்டைதான் பொய் சொல்லும்.

பாதுகாக்கப்பட்ட எஞ்சினை நேரில் பார்த்து ஒப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் மீட்டெடுக்கப்பட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓடிய ஈ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற எஞ்சின், லீட்ஸ் நகரில் 1855இல் கட்டப்பட்டது. ‘ஃபேரி குவீன்’ என்று எல்லோரும் அறிந்த ஈ.ஐ.ஆர். 22க்கு உடன்பிறப்பு. அதை ஓட வைக்க எத்தனை பாகங்களைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை ஒர்க்ஸ் வாசலில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1855இன் உருவத்தை வேண்டுகிறவர் 2010இன் புகைப்படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டால், பழுதுபார்த்தவர்களின் கைவேலையைத்தான் அளந்துகொண்டிருப்பார்.

ஆண்டும் எண்ணும் தெரிந்தவுடனே மாதிரியைக் கையில் எடுத்துவிடாதீர்கள். மேசைமேல் வைத்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, கை நீட்டும் தூரத்திலிருந்து பக்கவாட்டில் பாருங்கள். நாம் மாதிரியை எப்போதும் மேலிருந்து பார்க்கிறோம். அசல் எஞ்சினையோ பிளாட்பாரத்திலிருந்தும் தரையிலிருந்தும் பார்த்திருக்கிறோம். கண்மட்டத்தில் வைத்தவுடனேயே பாய்லர் உட்கார்ந்திருக்கும் உயரம், கேபின் கூரையின் சரிவு, புகைபோக்கிக்கும் டோமுக்கும் நடுவிலுள்ள தூரம் ஆகியவை சரியா தவறா என்று பாதி தெரிந்துவிடும். பாய்லர் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து உட்கார்ந்தால் 1:87இல் அது 87 மில்லிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்றுக் குறைவு. மோட்டாருக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய மாதிரிகளில் இந்த உயரத்தைக் கூட்டியிருப்பார்கள். ஆணிகளின் தலையை எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு இது படாது. உருவ விகிதம் தவறிய மாதிரியில் ஆணித்தலை அத்தனையும் சரியாக இருந்து என்ன பயன்?

அடுத்தது தண்டவாளம். இந்திய எஞ்சின்களைச் சேர்க்க நினைப்பவர் நின்று நிதானித்துக் கணக்குப் போட வேண்டிய இடம் இதுதான். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதை 1435. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவுக்கு உலகமெங்கும் விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் அந்த 1435க்காக வந்தது, 16.5ஐ 87ஆல் பெருக்கினால் சரியாக அங்கே வந்து நிற்கும். நம் பாதைக்கு அதே அளவில் 19.3 மில்லிமீட்டர் வேண்டும். பிரிட்டிஷ்காரர்களின் ஓ.ஓ. அளவு இன்னும் விசித்திரமானது. உடல் 1:76.2, தண்டவாளம் மட்டும் அதே 16.5, அவர்கள் நாட்டு வண்டிக்கே அது ஒடுக்கம். அந்த அளவில் நம் எஞ்சினைச் செய்தால் 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 16.5 இருக்கும், அதாவது கால் பங்கு குறைவு. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தோள் அகன்று கால் சூம்பிய பயில்வானைப் போலத் தெரியும்.

உங்களுக்கு வந்திருக்கும் மாதிரி 1:87 என்பதால் குறை ஏழில் ஒரு பங்குதான். அதைக் கருவி எதுவும் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டபிள்யூ.பி.யின் ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 5 அடி 7 அங்குலம், அதாவது 1702 மில்லிமீட்டர். பாதையின் அகலம் 1676. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சரியான மாதிரியில் சக்கரத்தின் உயரத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே வைத்தால், கிட்டத்தட்டப் பொருந்தி உட்கார வேண்டும். 16.5 தண்டவாளத்தில் மூன்று மில்லிமீட்டர் வெளியே துருத்தும். இது செய்தவருடைய கவனக்குறைவு அல்ல. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்று அவர் ஏற்றுக்கொண்ட சமரசம். அந்தச் சமரசத்தை அவர் எங்கே மறைத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர்களை அவற்றின் சரியான இடைவெளியிலேயே நிறுத்திவிட்டுச் சக்கரங்களை மட்டும் உள்ளே தள்ளியிருந்தால், சக்கரத்தில் ராடைப் பூட்டும் முளைகளான கிராங்க் பின்கள் அளவுக்கு மீறி நீண்டு, சக்கரங்களைச் சுழற்றும் ராடுகள் சக்கரத்தைவிட்டு விலகித் தொங்கும். சிலிண்டர்களையும் சேர்த்து உள்ளே இழுத்திருந்தால் முன்பக்கம் குறுகிப் போயிருக்கும். முதலாவது எனக்குப் பிடித்த தவறு, ஏனென்றால் பக்கத்தோற்றமும் முன்தோற்றமும் அதில் கெடுவதில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்ற அளவில், அதாவது 1:101.6இல், நம்முடைய ஐந்தரை அடிப் பாதை சரியாக 16.5 மில்லிமீட்டர் வருகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளமும் சக்கரங்களுக்கிடையே உள்ள அகலமும் மாற்றமின்றி நம் அகலப்பாதைக்குப் பொருந்தும் அளவு அது ஒன்றே. சொந்தக் கையால் செய்ய விரும்புகிறவர்கள் அதை யோசிக்கலாம். மீட்டர் பாதை வண்டிகளான ஒய்.பி., ஒய்.ஜி. போன்றவற்றுக்கு 1:87இல் 11.5 வேண்டும், கிடைப்பது 12. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யாரும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் பாதை வண்டிகளைப் பார்த்து வளர்ந்த எழும்பூர்ப் பக்கத்து ரசிகர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட அதிர்ஷ்டம் அதிகம்.

இப்போது வெர்னியர் காலிப்பரை எடுக்கலாம். சக்கரத்தை அளக்கும்போது, தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கி நிற்கும் விளிம்பின் மேல் அளக்கக் கூடாது. தண்டவாளத்தில் உருளும் பரப்பில் அளக்க வேண்டும். உங்கள் டபிள்யூ.பி.க்கு 19.6 மில்லிமீட்டர் வர வேண்டும். 18.5க்குக் கீழே இருந்தால் வேறு ஏதோ எஞ்சினுக்காக வாங்கி வைத்த சக்கரத்தைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சக்கரம் சிறுப்பதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. மேலே சொன்ன ஸ்காட்ஸ்மேனில் ஓட்டுச் சக்கரம் 6 அடி 8 அங்குலம். ஓர் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் தூரம் 7 அடி 3 அங்குலம். ஆக இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருப்பது ஏழே அங்குலம், ஓ.ஓ. அளவில் 2.3 மில்லிமீட்டர். அசலில் விளிம்பின் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான், அதனால் சிக்கல் இல்லை. பழைய பொம்மை ரயில்களின் விளிம்போ ஒன்றரை மில்லிமீட்டர் உயரம். பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு விளிம்புகள் எதிரெதிரே வந்தால் மூன்று மில்லிமீட்டர், இருக்கும் இடமோ 2.3. சக்கரத்தைச் சிறிதாக்குவது அல்லது அச்சுகளைத் தள்ளி வைப்பது தவிர வேறு வழியில்லை. இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்.பி. 25 என்ற விளிம்பு வடிவம் 0.64 மில்லிமீட்டர்தான் என்பதால், அண்மைக் காலத்து மாதிரியில் சக்கரம் சிறுத்திருந்தால் அந்தச் சாக்குச் செல்லாது.

சக்கரத்துக்கு மேலே ராடுகள். எஞ்சினைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பக்கத்துக் கிராங்க் பின்னுக்கும் மறுபக்கத்துக்கும் கால் சுற்று, 90 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். டபிள்யூ.பி. அப்படிப்பட்டது. ஸ்காட்ஸ்மேன் போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சினில் அது 120 பாகை. ஆனால் அதன் மாதிரிகளில் பெரும்பாலானவை 90 பாகையில்தான் வருகின்றன, ஏனென்றால் மாதிரிக்கு உள் சிலிண்டர் கிடையாது, அசெம்பிளி செய்பவருக்கு 90 சுலபம். பெரிய விலை கொடுத்தவரும் இதைக் கவனிப்பதில்லை. பிறகு, ஓட்டுச் சக்கரத்தின் கிராங்க் பின்னிலிருந்து கைபோல் மடங்கி நிற்கும் ரிட்டர்ன் கிராங்க். 1844இல் பெல்ஜியத்தின் வால்ஷார்ட்ஸ் காப்புரிமை பெற்ற வால்வ் கியருக்கு, அதாவது சிலிண்டருக்குள் நீராவி எப்போது போக வேண்டும் என்பதை ஆளும் அமைப்புக்கு, உயிர்நிலை அது. இடப்பக்கத்துக் கிராங்க் பின் கீழே வரும்போது அந்தப் பக்கத்து ரிட்டர்ன் கிராங்க் எந்தப் பக்கம் சாய்கிறதோ, வலப்பக்கத்துக் கிராங்க் பின் கீழே வரும்போதும் அது எஞ்சினின் அதே திசையில், முன்னோக்கி என்றால் முன்னோக்கியே, சாய வேண்டும். நான் முதன்முதலாக மிச்சம் பிடித்து வாங்கிய மாதிரியில் ஒரு பக்கம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் சாய்ந்திருந்தது. அசலில் அப்படிப் பூட்டினால் வண்டி ஒரு பக்கம் முன்னே போகவும் மறுபக்கம் பின்னே போகவும் நீராவி கேட்கும். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது ஐனாவரத்தில் ஒரு பெரியவர் சொன்னபிறகு. லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதிரியை அவர் கையில் கொடுத்தபோது கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. கட்டைவிரலால் ராடை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பக்கத்தக் கழட்டித் திருப்பிப் போடு” என்றார். அதன்பின், எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரைப் பார்த்தார். அதில் கரி குன்றுபோல் முன்பக்கம் வரை குவிந்திருந்தது. சக்கரங்களிலும் கேபினிலும் புழுதி பூசி, நெடுந்தூரம் ஓடி வந்த வண்டிபோல் ‘பழைமை’ செய்திருந்தார்கள். “கரியப் பாத்தா இப்பத்தான் ஷெட்ட விட்டுக் கெளம்புது. புழுதியப் பாத்தா ஜோலார்பேட்டையில இருந்து வருது. வழியில கரியே போடலியா?” என்று கேட்டார். ஃபயர்மேன் முன்பக்கத்திலிருந்துதான் கரியை வாரிப் போடுவார். ஓடி வந்த வண்டியில் முன்பக்கம் பள்ளமாகவும் பின்பக்கம் மேடாகவும் இருக்கும். எந்த எண், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, எந்த நேரம் என்றும் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனாலும் பெரியவர்களின் நினைவை அப்படியே ஆதாரமாக வைத்துவிட முடியாது. உங்கள் தாத்தா இருந்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும். டிரைவருக்குக் கேபினின் தன் பக்கம் நினைவிருக்கும்; ஃபிட்டருக்குக் கையைக் கிழித்த போல்ட்டு எங்கே இருந்தது என்பது நாற்பது ஆண்டு கழித்தும் நினைவிருக்கும். வண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இருவரும் வேறு வேறு சொல்வார்கள். அசைவு, பூட்டு, பழக்கம் ஆகியவற்றுக்கு அவர்களைக் கேளுங்கள். எண், வண்ணம், எழுத்து ஆகியவற்றுக்குப் புகைப்படத்தைக் கேளுங்கள். வண்ணப் படங்களிலும் பழைய ஃபிலிம் மங்கிச் சாயம் மாறியிருக்கும் என்பதால், பச்சையின் சாயலுக்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

நுண்ணிய பாகங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாய்லரின் பக்கவாட்டில் ஓடும் கைப்பிடிக் கம்பியைப் பாருங்கள். அசல் ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1:87இல் 0.37 மில்லிமீட்டர் வரும். கைவேலை மாதிரிகளில் 0.8 கம்பியைப் போட்டுவிடுகிறார்கள். அசல் அளவுக்குப் பெருக்கினால் அது ஏழு சென்டிமீட்டர் தடிமன். எந்த ஃபயர்மேன் கையாலும் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை டேப்போடு போய், அங்கே நிற்கும் எந்த எஞ்சினானாலும் கைப்பிடிக் கம்பி, ஏணிப் படி, ஆணித்தலை ஆகியவை மனிதக் கைக்கும் காலுக்கும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தால், அதன்பின் தடித்த கம்பி உங்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே அகன்ற இடைவெளி இருந்தால் அதைப் பெரிய குற்றமாக எடுக்க வேண்டாம். வீட்டு மேசையில் போடும் 438 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட வளைவு, 1:87 கணக்கில் 38 மீட்டர்தான். அந்த வளைவில் நிஜ டபிள்யூ.பி.யை விட்டால் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். ஓடாமல் அலமாரியில் நிற்கப்போகும் வண்டியென்றால் இணைப்புக் கம்பியைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு இருந்தால் கடல் காற்று பித்தளையைக் கறுக்க வைக்கும், இரும்பு அச்சைத் துருவேற்றும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கட்டாயம். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய சட்டங்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உலோகத்தில் ஈயம் கலந்த மோசமான வார்ப்புகள் வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து உதிரும். அப்படி உப்பிய சட்டத்தில் அச்சுகளின் தூரமே மாறிவிடும் என்பதால் அளந்தும் பயனில்லை. உங்களுடையது பித்தளை என்றாலும் கீழே திருப்பிக் கியர்ப் பெட்டியில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்த டபிள்யூ.பி.யை வாங்கலாமா என்பது. உருவ விகிதம் சரியாக இருந்து, சக்கரம் 19 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, ரிட்டர்ன் கிராங்க் இரண்டு பக்கமும் ஒரே திசையில் சாய்ந்தால், ஒடுங்கிய தண்டவாளத்தையும் தடித்த கைப்பிடியையும் பொறுத்துக்கொண்டு வாங்குங்கள். கம்பியை மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பாய்லரை இறக்குவது முடியாத வேலை. கேபின் பக்கவாட்டிலுள்ள எண்ணை எழுதிக்கொண்டு, அந்த எண்ணுக்குரிய எஞ்சின் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று முதலில் பாருங்கள். எண் சித்தரஞ்சனுடையதாகவும் உடல் பால்ட்வினுடையதாகவும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எண்ணே எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சரியான புகைப்படம் ஒன்று கிடைக்கும் வரை அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.